மணல்மூட்டை கும்பிடாது

மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் ஒரு தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் இருந்தது. அங்கே யசோதினி பதினொரு வருடம் ஒரே நோட்டைப் பார்த்துப் படிப்பித்தாள். பொறியியல் விஞ்ஞானம் அவளுடைய பாடம். விசை, திருப்பம், மிதப்பு, உராய்வு எல்லாம் அந்த நோட்டில் இருந்தன. சிவப்பு மையில் அடிக்கோடு, பச்சை மையில் வரைபடம். படித்து முடித்துப் போகிறவர்கள் அதைப் பிரதி எடுத்துத் தம்பிமாருக்குக் கொடுத்தார்கள். "யசோதினி மிஸ்ஸின் நோட்" என்றால் வாழைச்சேனை வரைக்கும் பெயர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அவளுடைய ஏட்டில் சுரைக்காய் கொத்துக் கொத்தாகக் காய்த்துக் கிடந்தது, கறி வைக்கத்தான் அவளுக்குத் தெரியாது.

இதை அவளே ஒத்துக்கொள்வாள். அவள் டிப்ளோமா படித்த காலத்தில் வகுப்பில் பெண் என்று இருந்தது அவள் ஒருத்திதான். பட்டறை நேரம் வந்தால், "நீங்க கதிரையில இரிந்து அளவ எழுதுங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் பையன்கள் இரும்பைப் பிடிப்பார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த மரியாதையின் தயவில் அவள் ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் முதல் வகுப்பில் சித்தியடைந்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் குழம்பியது, அதற்காக அவள் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. வாகரையில் அக்கா இருந்தாள். லீவு கிடைத்தால் அங்கே போவாள், அக்கா பொரித்த மீனைத் தின்பாள், திரும்பி வந்து நோட்டை எடுப்பாள்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழி இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை கடல் ஊருக்குள் வந்தது. நிறுவனம் பூட்டியிருந்தபடியால் அங்கே ஆள்சேதம் இல்லை. வகுப்புகளைப் பிரித்த சுவர்கள் விழுந்தன, கதிரை மேசைகள் வாவிக்குள் போயின, அலுமாரியோடு நோட்டும் போனது. வாகரையில் அக்காவும் அத்தானும் போனார்கள். அக்காவைக் கண்டெடுத்து அடக்கினார்கள், அத்தானைக் கண்டெடுக்கவில்லை. யசோதினி மூன்று கிழமை அழுதாள். வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

வந்து பார்த்தால் நின்றது பட்டறை மட்டும்தான். இரும்புத் தூணும் தகரக் கூரையும். நாலு பாடத்தையும் அந்த ஒரே கூரையின் கீழ், மூலைக்கு ஒன்றாக நடத்தச் சொன்னார்கள். யசோதினி தன் மூலையில் வெறுங்கையோடு நின்று பேசத் தொடங்கியபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. நோட்டில் இருந்ததில் பாதி அவளுக்கு மனப்பாடம், மறுபாதி விளங்கவே இல்லை. பதினொரு வருடமாக அதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, அவள் உட்பட.

நடுவில் ட்றெவர் நின்றார். பட்டறைப் போதனாசிரியர். மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர், போர்த்துக்கேய வழி வந்தவர், அப்பன் பாட்டன் காலத்திலிருந்து தச்சும் இரும்பும். கரும்பலகையில் ஒரு கோட்டை நேராகக் கீறத் தெரியாத மனிதர், ஆனால் வளைந்த தண்டைக் கண்ணால் பார்த்து எத்தனை நூல் வளைவு என்று சொல்லுவார். கல்குடாப் பக்கத்து மீனவர்கள் உப்புத் தண்ணீர் குடித்த படகு எஞ்சின்களை உழவு இயந்திரத்தில் ஏற்றி அவரிடம் கொண்டுவந்து குவித்தார்கள். பாவம், அவர்கள் செய்த பிழை அவர்களுடைய தொழிலுக்குப் பொருத்தமான பிழை. மண்ணிலிருந்து கிண்டியெடுத்த எஞ்சின்களை நல்ல வெயிலில் பாய் விரித்துக் காயவைத்திருந்தார்கள். கருவாடு காய்ந்தால் கெடாது, ஆகவே எஞ்சினும் கெடாது என்பது அவர்களின் கணக்கு.

"காயவச்சியளா? அப்ப முடிஞ்சு" என்றார் ட்றெவர். இன்னும் ஈரம் காயாமல் வந்த எஞ்சின்களை அவர் தூக்கி நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டார். மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். மூழ்கிச் செத்ததை மறுபடியும் மூழ்கடிக்கிற வைத்தியத்தை அவர்கள் கண்டதில்லை.

"ஏன் சேர் தண்ணிக்குள்ள போடுற?"

"ஏனெண்டு எனக்குத் தெரியா. அப்பிடித்தான் போடவேணும்." சொல்லிவிட்டு அவர் மூலையைப் பார்த்தார். "மிஸ், உங்களுக்குத் தெரியுமா?"

யசோதினிக்குத் தெரிந்திருந்தது. உப்பும் ஈரமும் காற்றும் மூன்றும் சேர்ந்தால்தான் இரும்பைத் தின்னும், நல்ல தண்ணீருக்குள் கிடந்தால் உப்புக் கரையும், காற்றுப் படாது, கழற்றுகிற வரைக்கும் அது அப்படியே கிடக்கும் என்று சொன்னாள். அது நோட்டின் நாற்பதாம் பக்கமோ என்னவோ. அந்தப் பக்கத்துக்கு எதிரே ஒரு பொருள் கிடப்பதை அவள் முதன்முதலாகக் கண்டாள். மாணவர்கள் மூலையை விட்டு நடுவுக்கு வந்தார்கள், அவளும் வந்தாள். ட்றெவர் அவளுடைய கையில் ஸ்பானரைக் கொடுத்து ஒரு நட்டைக் கழற்றச் சொன்னார். எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்க வெட்கப்பட்டு அவள் அதைப் பத்து நிமிடம் நன்றாக இறுக்கினாள். ஒருவன் சிரித்தான். அவள் அவனைத் திட்டாமல், "எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு முப்பத்தைந்து வயது.

அப்படித் தொடங்கியதுதான் அந்த வகுப்பு. திங்கள் வரைதல், செவ்வாய் விஞ்ஞானம், புதன் இரும்பு ஒட்டுவேலை, வியாழன் மின்சாரம் என்று இருந்த அட்டவணையை எஞ்சின் ஒன்று குழப்பிவிட்டது. அதைத் திருத்த வரைதலும் வேணும், கணக்கும் வேணும், ஒட்டும் வேணும், மின்சாரமும் வேணும், அது எந்தக் கிழமை என்று அது கேட்காது. சுவர்களைத் திரும்பக் கட்டி முடித்த பிறகும் யசோதினி ஒரு தொகுதி மாணவர்களைச் சுவருக்குள் அனுப்பவில்லை. நிறுவன அதிபர் நல்லரத்தினத்திடம் கேட்டு அனுமதி வாங்கினாள். வருடத்துக்கு ஒரு வகுப்பு, வருட முடிவில் உண்மையான மனிதர்கள் பாவிக்கிற ஒரு பொருள், எல்லாப் பாடத்துக்கும் புள்ளி அந்த ஒன்றிலிருந்து. மற்ற ஆசிரியர்கள் அதற்குக் கொத்துரொட்டி வகுப்பு என்று பெயர் வைத்தார்கள். "கொத்துரொட்டி பசியாத்தும்தானே" என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாயிரத்து ஆறின் கடைசியில் வாகரையில் சண்டை. சனம் காட்டாலும் கடற்கரையாலும் நடந்து வந்து முகாம்களில் இருந்தது. அந்த வருட வகுப்பு முகாமுக்குக் கைப்பம்பு செய்தது. அடுத்த வருடம் சனம் திரும்பிப் போனது, வகுப்பு நெல் தூற்றுகிற விசிறி செய்தது. ஒரு விசிறி எதிர்ப்பக்கம் சுற்றி உமியை வீட்டுக்காரரின் முகத்திலேயே அடித்தது, அதற்கும் புள்ளி போட்டாள், ஏன் சுற்றியது என்று எழுதினவனுக்கு. சாண் ஏற முழம் சறுக்கினாலும் வகுப்பு நடந்தது. அக்கா போன பிறகு அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து எட்டில் பனிச்சங்கேணிக்கு அங்காலே, உப்புநீர்க் களப்பின் மறுகரையில் இருக்கும் புளியந்துறை என்கிற சின்ன ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முப்பது குடும்பம். பிள்ளைகள் பாடசாலைக்குக் களப்பைக் கடக்கவேண்டும், சின்னத் தோணியில் மூன்று மூன்று பேராகப் போகிறார்கள், கடைசித் தோணி போய்ச் சேரும்போது இரண்டாம் பாடம் முடிந்துவிடும். எல்லாரையும் ஒரே தரத்தில் ஏற்ற ஒரு தோணி செய்து தருவீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

அந்த வருட வகுப்பில் பன்னிரண்டு பேர். கணக்கில் கெட்டிக்காரன் சிவதர்ஷன், தாய் மட்டும் உள்ளவன். ஒட்டுவேலையில் கைராசிக்காரன் தனோஜன். எதையும் கேள்வி கேட்காமல் விடாத சரீப், ஓட்டமாவடிப் பிள்ளை. புளியந்துறைக்குப் போய் அளந்தார்கள். கண்டல் மரங்களுக்கு நடுவே போகிற வாய்க்கால் ஒடுக்கம், ஆகவே தோணியும் ஒடுக்கமாக இருக்கவேண்டும். இருபத்தாறடி நீளம், நாலரையடி அகலம், இரண்டு பக்கமும் நீள இருக்கை, இருபது பேர். ஆளுக்கு அறுபது கிலோ என்று வைத்துச் சிவதர்ஷன் கணக்குப் போட்டான், யசோதினி பார்த்தாள், இரண்டு முறை பார்த்தாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை அவள் சுவரில் எழுதாத குறை.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து தொழிற்கல்வித் திணைக்களத்தார் இந்த வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டார்கள். வந்து பார்ப்போம், தோணி தேறினால் வகுப்பை நிரந்தரமாக்குவோம், தேறாவிட்டால் எல்லாரும் அட்டவணைக்குத் திரும்பவேண்டும் என்று எழுதினார்கள். அடுத்த வருடம் வைகாசியில் யுத்தம் முடிந்தது. முடிந்த கையோடு வீதி போடுகிற கொம்பனிகள் மட்டக்களப்புக்கு வந்தன. ஆடி மாதம் முடியமுன் சேர்டிபிகேட்டோடு வருகிறவனுக்கு வேலை. பன்னிரண்டு பேரும் பெயர் கொடுத்தார்கள். சிவதர்ஷனை மேற்பார்வைக்கு எடுப்பதாகவே சொல்லியிருந்தார்கள். அவனுடைய தாய் அதைக் கேட்டுக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள்.

அதே வைகாசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை பரிசோதனை. பாடசாலைப் பக்கத்துத் துறையில் வைத்தார்கள், திணைக்களத்து வாகனம் அதுவரைக்கும்தான் வரும். இருபது மணல்மூட்டை, ஒவ்வொன்றும் அறுபது கிலோ, பக்கத்துக்குப் பத்தாக இருக்கையில் கட்டியிருந்தது. தோணி அகன்ற தண்ணீரில் இரண்டு வட்டம் அடித்துத் திரும்பியது. விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு முழத்துக்குக் கிட்ட நின்றது. அதிகாரிகள் அளந்தார்கள், தலையை ஆட்டினார்கள், இளநீர் குடித்தார்கள். வடிவமைப்புக்குப் பொறுப்பு என்ற இடத்தில் யசோதினி கையெழுத்து வைத்தாள். வாகனம் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது.

பிறகு மூட்டைகளை இறக்கிவிட்டு, தோணியை ஊர்க்காரரிடம் ஒப்படைக்க எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். பன்னிரண்டு மாணவர்கள், யசோதினி, எஞ்சினுக்கு ட்றெவர், புளியந்துறைக்குப் போகிற நாலு பெண்கள். வகுப்பே பாட்டும் கூத்துமாக இருந்தது. அவர்கள் செய்த பொருளில் அவர்களே போகிறார்கள், சந்தோசம் இல்லாமல் இருக்குமா. அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பாதி வழியில் களப்பு திரும்புகிற முனையில் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலின் கதவு வருடத்தில் ஒருமுறைதான், அம்மனைக் குளிரவைக்கிற வைகாசிக் குளிர்த்திச் சடங்குக் கிழமையில்தான் திறக்கும். மற்ற நாட்களில் அவ்வழியே போகிறவர்கள் இருந்த இடத்தில் இருந்தபடி கன்னத்தில் தொட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். வகுப்பு அளக்கப் போன மாதங்களில் எல்லாம் அது பூட்டித்தான் கிடந்தது. அன்று குளிர்த்திக்கு மூன்று நாள் இருந்தது. தோணி முனையைச் சுற்றியது. பறை அடித்தது. கதவு திறந்து, உள்ளே விளக்கு எரிந்தது.

எல்லாரும் எழும்பினார்கள். எழும்பி, இடப்பக்கம் வந்து, கையைத் தலைக்குமேல் கூப்பினார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் செய்ததல்ல. கதவு திறந்திருக்கும்போது அம்மனுக்கு முன்னால் ஆரும் குந்தியிருப்பதில்லை. பாரக் கணக்குப் போட்ட சிவதர்ஷன் எழும்பினான், ஒட்டுப் போட்ட தனோஜன் எழும்பினான், கையெழுத்து வைத்த யசோதினியும் எழும்பினாள். எழும்பியது அவளுக்கே தெரியாது. தோணி ஒரு பக்கமாகப் போய், விளிம்பு தண்ணீருக்குள் இறங்கி, களப்பு உள்ளே வந்தது.

"வலப்பக்கம் வாங்க, வலப்பக்கம்" என்று ட்றெவர் கத்தினார். அவர் கிறிஸ்தவ வேதக்காரர், எஞ்சினை விட்டு அசையவில்லை. சரீப்பும் வலப்பக்கத்தில் இருந்தபடி இருந்தான். அந்த இருவரின் பாரம்தான் தோணியை முற்றாகப் புரளாமல் பிடித்தது. தனோஜனும் ஒரு பெண்ணும் தண்ணீருக்குள் போனார்கள். நெஞ்சளவு தண்ணீர், எழும்பி நின்றார்கள். அந்தப் பெண் முதலில் தேடியது செருப்பை. எல்லாரும் சிரித்தார்கள், பயம் போனவர்கள் சிரிக்கிற சிரிப்பு. யசோதினிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தனோஜனுக்கு நெஞ்சளவு என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எவ்வளவு என்று அவள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு நோட் தேவைப்படவில்லை.

"மணல்மூட்டை கும்பிடாது மிஸ்" என்றார் ட்றெவர், நனைந்த எஞ்சினைத் துடைத்தபடி. "அதான் பிழை."

மறுநாள் நல்லரத்தினத்திடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் அல்ல. நாலு வருடமாக இந்த வகுப்புக்காகத் திணைக்களத்திடம் பேச்சு வாங்கினவர்.

"ஆராவது செத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சேர்."

"அப்ப தோணிக்குத் துறையில ஒரு பலகை அடிப்பம். பிரயாணத்தில எழும்பப்படாதெண்டு. இல்லாட்டி வருசத்தில அந்த ஒரு கிழமை தோணிய நிப்பாட்டுவம்."

"கோயிலுக்குச் சனம் வாறதே அந்தக் கிழமைதானே சேர். நிப்பாட்டினா அந்தச் சின்னத் தோணியில வருவாங்க."

நல்லரத்தினம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் உங்கள வெருட்டல்ல யசோதினி. கையெழுத்து வச்சாச்சு. நீங்க அத வாபஸ் எடுத்துக் கடிதம் அனுப்பினா வகுப்ப மூடுவாங்க. புள்ளையளுக்கு இந்த வருசம் சேர்டிபிகேட் இல்ல. ரோட்டு வேலையும் போகும். இதெல்லாம் தெரிஞ்சுதானே கதைக்கிறியள்?"

தெரியும். பஸ்ஸில் போகும்போது அவளுக்குப் பலகை அடிக்கத்தான் ஆசையாக இருந்தது. நல்ல பலகை, பெரிய எழுத்து, மூன்று மொழி. பலகை அடித்தால் வகுப்பு இருக்கும், வருடா வருடம் இருக்கும், அவள் சாகிற வரைக்கும் இருக்கும். தோணி அம்மன் புண்ணியத்தில் ஒருவேளை ஒருநாளும் புரளாது. அவள் இந்த யோசனையை வெட்கப்படாமல் முழுவதும் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு வகுப்பு வேணும். அந்த அளவுக்கு எதையும் அவள் அதற்கு முன் வேணும் என்று நினைத்ததில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரே ஒரு கணக்குக் கொடுத்தாள். இருபது பேரும் எழும்பி இடப்பக்கம் நிற்கிறார்கள், விளிம்பு எங்கே நிற்கும். அரை மணித்தியாலம் பென்சில்கள் ஓடின. முதலில் பென்சிலை வைத்தவன் சிவதர்ஷன்.

"நிக்காது" என்றான். "புரளும்."

"எத்தின பேர் வந்தாப் புரளும்?"

"பதினெட்டு." தாளை மடித்துவிட்டு, "பலகை அடிக்கலாந்தானே மிஸ்" என்றான்.

"உங்கட அம்மா அந்தத் தோணியில வாறா. கதவு திறந்திரிக்கு. பலகையப் பாத்திட்டு அம்மா இரிப்பாவா?"

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "இரிக்கமாட்டா" என்றான்.

"நாம எல்லாரும் எழும்பினம்" என்றான் சரீப். "நீங்க எல்லாரும். நான் இரிந்தன், எனக்கு அது கோயில் இல்ல எண்டபடியா. எனக்கு ஆராவது பலகை அடிச்சு பள்ளிவாசலுக்குள்ள செருப்போட போ எண்டா போவனா?"

"அப்ப எங்கட வேலை?" சிவதர்ஷனின் குரல் உயர்ந்தது. "மிஸ், எங்கட வேலை?"

"போகும்" என்றாள் யசோதினி. ஆறுதல் சொல்லியிருக்கலாம், வேறு வேலை வரும், கடவுள் இருக்கிறார் என்று. சொல்லவில்லை. அவனுக்கு ஏமாற்றம் மட்டும் போதும், பொய்யும் வேண்டாம் என்று நினைத்தாள். சிவதர்ஷன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனான். அன்று பின்னேரம் அவள் கடிதத்தை எழுதித் தபாலில் போட்டாள்.

நல்லரத்தினம் சொன்னபடியே நடந்தது, ஒரு எழுத்துப் பிசகாமல். முதல் வடிவமைப்பு தோல்வி என்று கோப்பில் எழுதினார்கள். கொத்துரொட்டி வகுப்பு இந்தத் தொகுதியோடு முடிவு, சேர்டிபிகேட் திருத்திய தோணி தேறிய பிறகு. ஆடி முடிந்தது, கொம்பனி வேறு ஆட்களை எடுத்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாள் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். அவள் உள்ளே வந்தால் தேத்தண்ணியைப் பற்றிப் பேசினார்கள். புளியந்துறையார், தங்களிடம் ஒப்படைத்த தோணியை ஏன் திருப்பிக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டார்கள். விளங்கப்படுத்தியதை அரைவாசி கேட்டார்கள், மீதிக்குப் பெருமூச்சு விட்டார்கள்.

வழி சொன்னது ட்றெவர். "வாவியில ரெண்டு தோணியச் சேத்துக் கட்டி மோட்டார் சைக்கிள் ஏத்துறாங்கதானே. தினமும் பாக்கிறம். படிச்ச ஆக்களெண்டு நாம அதப் பாக்கல்ல." அதே அளவில் இன்னொரு தோணி செய்து, இரண்டையும் சட்டத்தால் இணைத்து, மேலே தட்டு அடிப்பது. கேட்க இரண்டு வரி, செய்ய ஏழு மாதம். அகலமான தோணிக்குக் கண்டலை வெட்டி வாய்க்காலை அகலமாக்க வேண்டும். அதற்கு நாலு அரசாங்கக் கந்தோரிலும் கடற்படை முகாமிலும் அனுமதி. ஐப்பசியில் மழை பிடித்துத் தை வரைக்கும் விடவில்லை. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் கூப்பிடாமலே வந்து நின்றார்கள். தனோஜன் பகலில் வாகனம் திருத்துகிற ஒரு கராச்சில் வேலை செய்துவிட்டுப் பின்னேரம் வந்து ஒட்டினான். கணக்கைச் சரீப் போட்டான். இருபது பேரையும் ஒரே பக்கத்தில் நிறுத்திப் போட்டான், பிறகு கையில் சாமான் பையோடு நிறுத்தி இன்னொரு தரம் போட்டான்.

சிவதர்ஷன் வரவில்லை. கொஞ்சக்காலம் ஒரு கடையில் நின்றான், பிறகு கட்டாருக்குப் போனான். சேர்டிபிகேட்டைத் தபாலில் அனுப்பினார்கள். யசோதினி உள்ளே ஒரு கடிதமும் வைத்தாள், பதில் இல்லை. அது அவளுக்கு நொந்தது. பேசாமல் விட அவனுக்கு உரிமை இருந்தது என்றும் அவள் நினைத்தாள், அப்படி நினைத்ததால் நோவு குறையவில்லை.

தையில் தோணி ஓடத் தொடங்கியது. இந்தமுறை திணைக்களத்தார் வரவில்லை, படிவம் அனுப்பினார்கள். மூட்டையும் கட்டவில்லை. புளியந்துறைச் சனத்தையே ஏற்றி, எல்லாரையும் ஒரு பக்கத்தில் நிறுத்தி, துள்ளச் சொன்னார் ட்றெவர். பிள்ளைகளுக்கு அது பெரிய பகிடி, இறங்கமாட்டோம் என்று நின்றார்கள். யசோதினி திங்கட்கிழமையிலிருந்து நாலாம் அறைக்குத் திரும்பினாள். செவ்வாய் விஞ்ஞானம், எட்டரையிலிருந்து பத்தரை. பக்கத்து அறையில் அதே கணக்கை வேறு பெயரில் வேறொருவர் படிப்பித்தார். தன்னுடைய ஓய்வு நேரத்தில் அவள் பட்டறையில் போய் நின்றாள், அதை ஆரும் தடுக்கவில்லை.

அடுத்த வைகாசியில், குளிர்த்திக்கு முந்தின நாள், அவள் லீவு போட்டுவிட்டுப் பனிச்சங்கேணிக்குப் பஸ் எடுத்தாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. துறையில் நின்ற தோணியில் ஏறினாள். ஓட்டுகிற பொடியன் புதியவன், அவளை அவனுக்குத் தெரியாது. தோணி நிறையச் சனம், பூத்தட்டு, பொங்கல் பானை, தோளில் பிள்ளை. இருபதுக்கு மேலே இருக்கும், எண்ணினாள், இருபத்துநாலு.

முனை வந்தது, பறை கேட்டது. கதவு திறந்திருந்தது. எல்லாரும் எழும்பி இடப்பக்கம் போனார்கள். யசோதினியும் எழும்பிப் போனாள், ஆனால் கையைக் கூப்பவில்லை. விளிம்பைப் பிடித்துக் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். தோணி நாலு விரல் இறங்கியது, நின்றது. அதற்குமேல் இறங்கவில்லை. ஒரு பிள்ளை தாயின் தோளிலிருந்து இறங்கி ஓடித் திரிந்தது. ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. கவனிக்க ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்தில் நின்ற பெண், தலைக்குமேல் கூப்பிய கையை இறக்காமலே, திரும்பி இவளைப் பார்த்தாள். வெளியூர்க்காரி என்று கண்டுகொண்டாள் போலும், ஊர்ச் சங்கதி சொல்லத் தொடங்கினாள்.

"இந்தத் தோணி போன வைகாசியே வந்திட்டுது புள்ள. வந்ததத் திருப்பிக் கொண்டு போய், ஏழு மாசம் வச்சிரிந்துதான் தந்தாங்க. புள்ளையள் மழைக்குள்ள அந்தச் சின்னத் தோணியிலதான் பள்ளிக்கூடம் போனதுகள். ஒரு தோணிக்கு ஏழு மாசமா? படிச்ச ஆக்களாம்."

யசோதினி விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"ஓம் அக்கா" என்றாள். "பிந்தித்தான் போச்சு."